குரலுக்கும் ஒரு டூப்

நாயகனுக்குப் பதில் மாடியிலிருந்து குதிப்பவரை நாம் டூப் என்கிறோம். ஹாலிவுட்டில் அவர் 'டபுள்'. 1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்து படங்கள் பேசத் தொடங்கியதும், குரலுக்கும் டபுள் தேவைப்பட்டது. ஸ்டூடியோக்காரர்களின் வாயில் அந்தச் சொல் குறுகி 'டப்' ஆயிற்று. டப்பிங் அதிலிருந்து வந்ததுதான்.

அப்போது அது பட்ட பாட்டுக்கு, 1929-இல் இங்கிலாந்தில் ஹிட்ச்காக் எடுத்த 'பிளாக்மெயில்' சாட்சி. மௌனப் படமாகத் தொடங்கி, நடுவில் பேசும் படமாக மாறியது அது. நாயகி ஆனி ஓண்ட்ரா செக் நாட்டு நட்சத்திரம். லண்டன் கடைக்காரரின் மகளாக நடிப்பவர் செக் வாடையோடு ஆங்கிலம் பேசினால் யார் நம்புவார்கள்? குரலைப் பின்னால் சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை. எனவே ஜோன் பாரி என்ற நடிகையை, கேமராவுக்குத் தெரியாமல் மைக் முன்னால் நிறுத்தினார்கள். அவர் வசனம் பேசப் பேச, ஓண்ட்ரா வாயசைத்தார். ஒருவர் நடிப்புக்குள் இன்னொருவர் மூச்சுவிட்ட வேலை அது. ஆனாலும் படத்தின் பெயர்ப் பட்டியலில் ஜோன் பாரி இல்லை. இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. குரல் கொடுப்பவரை மறைத்துவைக்கும் வழக்கம் அன்றே வந்துவிட்டது.

வேற்றுமொழிக்குப் படத்தைக் கொண்டுபோக முதலில் வேறு வழி பார்த்தார்கள். 1931-இன் 'டிராகுலா'வைப் பகலில் ஆங்கிலத்தில் எடுத்த அதே அரங்கில், இரவில் வேறு நடிகர்கள் ஸ்பானிய மொழியில் நடித்தார்கள். செலவு கட்டுப்படியாகவில்லை. ஒலிகளைத் தனித்தனியே பதிந்து கலக்கும் நுட்பம் தேறியதும் டப்பிங் நிலைத்தது.

தமிழுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார். 1943-இல் வந்த கன்னட 'சத்ய ஹரிச்சந்திரா' அடுத்த ஆண்டே 'ஹரிச்சந்திரா'வாகத் தமிழ் பேசியது. இந்திய மொழிப் படம் ஒன்று இன்னொரு இந்திய மொழிக்கு டப்பிங் ஆனது அதுவே முதல் என்பார்கள்.

கன்னடம் அண்டை மொழி, எளிதாக ஒட்டிவிடும் என்று தோன்றலாம். உதட்டைப் பார்த்தால் கஷ்டம் புரியும். ப, ம இரண்டுக்கும் உதடு மூடியாக வேண்டும். நம் பால் அங்கே ஹாலு, பல் ஹல்லு, பூ ஹூவு. திரையில் உதடு திறந்தே இருக்க, தமிழில் 'ப' வந்து நிற்கும். பூவை மலர் என்று மாற்றினாலும் 'ம' விடாது. வசனம் எழுதுபவர் அந்தச் சொல்லை வாக்கியத்தில் வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும், அல்லது நடிகர் முகம் திருப்பும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.