குழிமாற்றும் மனைக்கணக்கும்

1708-ஆம் ஆண்டில் நவாபு தாவூத்கான் கிழக்கிந்தியக் கும்பினியாருக்கு அளித்த ஐந்து கிராமங்களுள் திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தாங்காடு, வியாசர்பாடி ஆகிய நான்கும், இன்று புகைபோக்கிகளும் கண்டெய்னர் லாரிகளும் நெருங்கிக் கிடக்கும் வடசென்னைப் பிரதேசத்தைச் சேர்ந்தவை. அக்காலத்துச் செங்கற்பட்டுச் சீமை வழக்கப்படி 24 அடிக் கோலால் நிலம் அளந்து, ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுரத்தைக் குழி என்றும், 100 குழியைக் காணி என்றும் கணக்கிட்டார்கள்.

இந்த விஸ்தீரணக் கணக்குக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் இளமையிலேயே அஸ்திவாரம் இட்டது. எண்சுவடியோடு சேர்ந்த குழிமாற்று என்னும் வாய்பாட்டைச் சட்டாம்பிள்ளை முதலில் சொல்ல, மற்றப் பிள்ளைகள் உரக்கத் திருப்பிச் சொல்லி, பத்துக்கோல் சதுரம் நூறு குழி என்பதை மட்டுமல்லாமல், அரைக்கோல் சதுரம் அரைக்குழி ஆகாது, கால் குழியே ஆகும் என்னும் விசித்திரத்தையும் மனப்பாடம் செய்தார்கள். வெறும் நெட்டுரு என்று பிற்காலத்தார் இதனை இகழ்ந்ததில் ஓரளவு நியாயம் உண்டு. எனினும் கண்ணை நம்பினால் ஏமாந்து போகும் இடத்தில் காதில் பதிந்த கணக்கு கைகொடுத்தது என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. பத்துக்கோல் சதுர நிலத்துக்கும், 15 கோல் நீளமும் 5 கோல் அகலமும் உள்ள நிலத்துக்கும் வேலி ஒரே அளவுதான். நீண்டு கிடப்பதே பெரிதென்று குழந்தை சொல்லும். கணக்கோ முன்னதற்கு 100 குழியும் பின்னதற்கு 75 குழியுமே தரும். வட்டமான நிலமும் விலக்கன்று: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கும் விதியைக் காரி நாயனாரின் கணக்கதிகாரம் சொல்லி வைத்திருக்கிறது.

1789-இல் எழும்பூர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து அதனைத் தம் பள்ளியில் புகுத்தி, 1797-இல் லண்டனில் அதுபற்றிய நூலையும் வெளியிட்டார். மணலுக்குக் கிடைத்த அந்தக் கீர்த்தி குழிமாற்றுக்குக் கிட்டவில்லை.

1856-இல் ராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது; துறைமுகமும் தொழிற்சாலைகளும் வளர வளர வயல்கள் வீட்டுமனைகளாயின; குழி மறைந்தும், காணியில் 24-இல் ஒரு பங்காகிய மனை நிலைத்துவிட்டது. 2,400 சதுர அடி கொண்ட இந்த மனை, 60-க்கு 40 ஆகவும் இருக்கலாம், 80-க்கு 30 ஆகவும் இருக்கலாம், சந்துக்குள் ஒடுங்கி 120-க்கு 20 ஆகவும் இருக்கலாம். மதில் எழுப்பும் செலவு கடைசியதற்கே அதிகம், இடமோ மூன்றிலும் ஒன்றே. பரப்பை ஒப்பிடக் கற்பிக்கும் உபாத்தியாயருக்கு இதைவிட வாய்ப்பான உதாரணம் இப்பகுதியில் கிடைப்பது அரிது. ஆயினும் 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் பிறந்தபின் பாடப்புத்தகம் சதுர மீட்டரில் வினவுகிறது. வீட்டிலே பெரியவர்கள் இந்த மனையைக் கிரவுண்டு என்றே சொல்கிறார்கள். ஒரு கிரவுண்டு ஏறக்குறைய 223 சதுர மீட்டர் என்று இரண்டையும் இணைத்துச் சொல்லும் வேலை இன்னும் வாத்தியாருடையதாகவே இருக்கிறது.