தாதியிடம் சொன்ன சொல்

ஒருவரின் உடலை அவர் சம்மதமின்றித் தீண்டுதல் தாக்குதலாகும். தீண்டியவர் நோய் தீர்க்க வந்த வைத்தியராயின், நீதிமன்றம் சான்றை எவ்வாறு நிறுத்துப் பார்க்கும்?

1908ஆம் ஆண்டு சனவரியில், நியூயோர்க் வைத்தியசாலையில் வயிற்று நோயோடு ஒரு மாது சேர்ந்தார். அவர் வயிற்றில் கட்டி ஒன்று காணப்பட்டது. ஈதர் மயக்கத்தில் பரிசோதிக்க மட்டுமே தாம் உடன்பட்டதாகவும், சத்திரசிகிச்சை வேண்டாமென வைத்தியரிடமும் முன்னிரவில் தாதியிடமும் சொன்னதாகவும் அவர் பின்னர் சாட்சியமளித்தார். மயங்கிக் கிடந்தபோது கட்டி அகற்றப்பட்டது. அதன்பின் இடக்கை அழுகி, விரல்கள் சிலவற்றையும் இழந்தார்.

அவர் கூற்றை வைத்தியரும் தாதியரும் மறுத்தனர். ஒருவர் சொல்லுக்கு எதிரே பலர் சொல்! ஆயினும், விசாரணை நீதிபதி வழக்கை யூரரின் தீர்மானத்துக்கு விடாமல் வைத்தியசாலைக்குச் சார்பாக முடித்திருந்தார். ஆதலால் மேன்முறையீட்டில் வழக்காளியின் கூற்றை மெய்யெனவே கொள்ள வேண்டியதாயிற்று. சம்மதமின்றி அறுக்கும் வைத்தியர் தாக்குதல் புரிந்தவரே என 1914இல் நீதியரசர் கார்டோசோ உரைத்தார்.

எனினும் மாது தோற்றார். தரும நிலையமாகிய வைத்தியசாலை, அங்கு தொழில்புரியும் வைத்தியரின் பிழைக்குப் பொறுப்பன்று என்பது தீர்ப்பு. தாதியிடம் சொன்ன சொல்லோ? நோயாளி அமைதியாகவே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குச் சென்றார். அவர் விருப்பத்தை வைத்தியர் மீறுவார் எனத் தாதி ஐயுறக் காரணமில்லை என்று அச்சொல்லையும் மன்று ஒதுக்கியது.

வைத்தியசாலைக்கிருந்த அந்தக் காப்பை அதே மன்று 1957இல் நீக்கிற்று. அம்மாதுக்கு நட்டஈடு கிட்டவில்லை; ஆனால் அவர் வழக்கில் உரைக்கப்பட்ட சம்மதக் கொள்கை நிலைத்துவிட்டது.