மூர் என்றொரு சொல்

எனது பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இனம் 'இலங்கைச் சோனகர்'. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பில் 'மூர்'. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டாரோ தம்மை முஸ்லிம் என்றே சொல்லிக்கொண்டார்கள்.

ஆங்கில அகராதியில் மூருக்குப் பல பொருள்கள். புதர் மண்டிய தரிசுநிலம் ஒன்று. கப்பலைக் கரையோடு கட்டுதல் மற்றொன்று. இவை உருவில் ஒன்று, வேரில் வேறு. எமக்கு வாய்த்த மூர் வட ஆபிரிக்காவில் பிறந்தது. பழைய மொரித்தானியா நாட்டாரை உரோமர் 'மவுருஸ்' என்றனர். பின்னர் ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களுக்கும் அப்பெயரே ஆயிற்று. அவர்களோடு பொருதிய போர்த்துக்கேயர் கீழ்த்திசைக்கு வந்தபோது, மலபாரிலும் இலங்கையிலும் கண்ட முஸ்லிம்களையெல்லாம் அப்பெயராலேயே அழைத்தனர். பிலிப்பைன்சில் ஸ்பானியர் 'மோரோ' என்றனர். மிந்தனாவோ முஸ்லிம்கள் பிற்காலத்தில் அந்த வசைப்பெயரையே தம் உரிமைப் போராட்டத்தின் பெயராக்கினர்.

மொரோக்கோவைக் கனவிலும் கண்டிராத யாழ்ப்பாணத்து வியாபாரியும் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஏடுகளில் மூர் ஆனான். தமிழிலோ அவன் சோனகன். யவனர் என்பதன் திரிபாக அறிஞர் கொள்ளும் சொல் அது.

பெயர் அரசியலாகவும் மாறியது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழர், மதத்தால் மட்டுமே முஸ்லிம்கள் என வாதிட்டுக் கட்டுரை படித்தார். சட்டநிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி ஆசனம் வேண்டப்பட்ட காலம் அது. 1889இல் எம். சி. அப்துல் ரஹ்மான் அச்சபைக்கு நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், சோனகர் அரபு வழித்தோன்றல்கள் என நூலெழுதி இராமநாதனை மறுத்தார். வீட்டில் பேசும் மொழி தமிழே என்பதில் இருவருக்கும் பிணக்கில்லை. அம்மொழி எதற்குச் சான்று என்பதில்தான் பிணக்கு.

அந்த வழக்குக்கு யாழ்ப்பாணத்தில் கொடிய தீர்ப்பொன்று எழுதப்பட்டது. 1990 ஒக்டோபர் 30இல், இரண்டு மணி நேரத்துள் நகரை விட்டு வெளியேறுமாறு முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். இனத்தால் தமிழர் என்ற இராமநாதனின் வாதம் அன்று எவரையும் காக்கவில்லை. தமிழ் பேசியபடியேதான் அவர்கள் வெளியேறினார்கள். புத்தளத்தில் இன்னொரு பெயர் காத்திருந்தது: அகதி.

சோனகதெருவின் பெயர் மட்டும் மாறவில்லை. அப்பெயருக்குரியோர் பல ஆண்டுகள் அங்கில்லாதிருந்தபோதும் தெரு அப்பெயரிலேயே கிடந்தது. எம்மவர் சிலர் திரும்பிவிட்டார்கள், பலர் திரும்பவில்லை.

'இனம்' என்று கேட்கும் படிவங்களை இப்போதும் நிரப்புகிறேன். மூர் என்று எழுத எனக்கு வெட்கமில்லை, பெருமையுமில்லை. ஆனால் பிறந்த இடம் என்ற கூட்டில் யாழ்ப்பாணம் என்று எழுதும்போது மட்டும் எழுத்தைச் சற்று அழுத்தியே எழுதுகிறேன்.