அவசரத்தில் கிடைத்த அக்காக்கள்: அமெரிக்க சொராரிட்டிகளின் கதை

வரலாறு என்றதும் ராஜா, போர், உடன்படிக்கை என்று பயந்து ஓடிவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் வருவது செருப்பு, பாட்டு, எலுமிச்சை ஜூஸ் சமாச்சாரம்.

"அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி செருப்பு போட்டிருந்தார்கள், எனக்கு ஒத்துவராது." "இந்த வீட்டில் கொடுத்த ஜூஸ் நன்றாக இருந்தது, சிரித்துப் பேசினார்கள், இதுவே போதும்." இந்த ரகக் காரணங்களை வைத்துக்கொண்டு, கல்லூரி வாழ்க்கை முழுக்க யாரோடு பழகுவது, யாரோடு ஒரே வீட்டில் தங்குவது என்று ஒரு 18 வயதுப் பெண் ஒரே வாரத்தில் முடிவு செய்கிறாள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வருடா வருடம் நடக்கும் கூத்து இது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இதன் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினால் சிரிப்பு அடங்கிவிடும்.

சொராரிட்டி என்றால் என்ன?

கல்லூரி மாணவிகளுக்கான தனிச் சங்கம். பெரும்பாலும் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள்தான் பெயர். ரகசியச் சடங்கு, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின், பல இடங்களில் சொந்தமாக ஒரு பெரிய வீடு, எல்லாம் உண்டு. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் சகோதரி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். ஆண்களுக்கு இருப்பது ஃப்ரட்டர்னிட்டி. கிரேக்க எழுத்தைப் பெயராக வைக்கும் பழக்கம் 1776-ல் வர்ஜீனியாவில் உள்ள வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா சங்கத்திலிருந்து வருகிறது. அப்போது அந்தக் கல்லூரியில் பெண்களே கிடையாது. பெண்கள் சங்கம் வைக்க இன்னும் பல காலம் ஆனது.

ஒரு கேக் கூடையின் கதை

கொசுவர்த்திச் சுருளைச் சுற்றி 1867-க்குப் போவோம். இந்தியானா மாநிலத்தில் கிரீன்காசில் என்று ஒரு சிறிய ஊர். அங்கிருந்த இந்தியானா ஆஸ்பரி கல்லூரி (இன்றைய டிபா பல்கலைக்கழகம்) அந்த ஆண்டுதான் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் பெட்டி லாக், ஒரு பேராசிரியரின் மகள். உடன் படித்த பையன்கள் இந்தப் பெண்களை வரவேற்கவில்லை. படிப்பு உங்களுக்கு எதற்கு என்ற பார்வைதான். பையன்கள் மட்டுமா? 1873-ல் எட்வர்ட் கிளார்க் என்ற பாஸ்டன் மருத்துவர், ஆண்களைப் போலப் படித்தால் பெண்களின் உடல் கெட்டுவிடும், கருப்பை பாதிக்கப்படும் என்று ஒரு புத்தகமே எழுதினார். அதை நம்பியவர்களும் நிறைய பேர்.

பெட்டி லாக் பற்றி அவருடைய சங்கத்தில் இன்றும் சொல்லப்படும் கதை இது. ஒரு ஃப்ரட்டர்னிட்டி பையன்கள் தங்கள் பின்னைக் குத்திக்கொள்ளச் சொல்லி அவரிடம் கேட்டார்களாம். "உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டால் குத்திக்கொள்கிறேன்" என்றார் அவர். அது முடியாது, அலங்காரத்துக்கு மட்டும் என்றார்கள் இவர்கள். அவர் மறுத்துவிட, சமாதானமாக ஒரு வெள்ளிக் கேக் கூடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். கூடையை வாங்கிக்கொண்டவர், 1870 ஜனவரி 27 அன்று மூன்று தோழிகளோடு சேர்ந்து சொந்தமாக ஒரு சங்கம் ஆரம்பித்தார். அதுதான் கப்பா ஆல்ஃபா தீட்டா.

இதே காலத்தில் வேறு ஊர்களிலும் பெண்கள் கூடினார்கள். இல்லினாய்ஸ் மாநிலத்தின் மான்மவுத் கல்லூரியில் 1867-லேயே 12 பெண்கள் தொடங்கிய சங்கம்தான் பின்னாளில் பை பீட்டா ஃபை ஆனது. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1874-ல் காமா ஃபை பீட்டா வந்தது. இவற்றைப் 'பெண்கள் ஃப்ரட்டர்னிட்டி' என்றுதான் முதலில் அழைத்தார்கள். ஃப்ரட்டர்னிட்டி என்பதிலேயே சகோதரன் இருக்கிறான், பெண்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று யோசித்த சிரக்யூஸ் லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி, சகோதரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'சொராரிட்டி' என்ற பெயரை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றை இங்கே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவுடனே "இவள் இங்கே சேரமாட்டாள்" என்று ஒதுக்கப்பட்ட பெண்கள், தங்களுக்கென்று கட்டிக்கொண்ட வீடு இது.

ரயிலடியில் தொடங்கிய ஓட்டம்

கல்லூரிகளில் பெண்கள் பெருகப் பெருக, சங்கங்களும் பெருகின. போட்டி வந்துவிட்டது. நல்ல பெண்ணை அடுத்த சங்கம் கொத்திக்கொண்டு போவதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும்! புது மாணவிகள் வந்து இறங்கும் ரயில் நிலையத்துக்கே ஓடிப்போய் ஆள் பிடித்ததாகவும், அதனால்தான் இந்த ஆள் சேர்ப்புக்கு 'ரஷ்' என்ற பெயர் வந்ததாகவும் சொல்வார்கள். சில இடங்களில் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லூரியில் சேராத பள்ளிப் பெண்களிடமே சம்மதம் வாங்கி வைத்தார்கள்.

அவசரம் அத்துமீறிப் போனதும், 1902 மே 24 அன்று சிகாகோவில் 7 சங்கங்கள் உட்கார்ந்து பேசின. இன்று 26 சங்கங்கள் இருக்கும் தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற அமைப்பு அங்கேதான் பிறந்தது. கல்லூரியில் சேர்ந்து முடிக்கும் முன் எந்தப் பெண்ணிடமும் சம்மதம் கேட்கக்கூடாது என்பது அதன் ஆரம்ப கால விதிகளில் ஒன்று.

1928-ல் இன்னொரு ஏற்பாடு வந்தது. விருந்துகள் எல்லாம் முடிந்ததும், மாணவிகள் தங்களுக்குப் பிடித்த சங்கங்களை வரிசைப்படுத்தி எழுதித் தர வேண்டும். சங்கங்களும் தங்களுக்குப் பிடித்த பெண்களை வரிசைப்படுத்தித் தரும். நடுவில் ஒருவர் இரண்டு பட்டியலையும் வைத்துப் பொருத்தம் பார்த்து, யார் எங்கே என்று அறிவிப்பார். பத்துப் பொருத்தம் மாதிரிதான், ஜாதகம் மட்டும் இல்லை :-)

இதைச் சும்மா விளையாட்டு என்று நினைக்காதீர்கள். சூசன் மாங்கெல், ஆல்வின் ராத் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்த முறையை அலசி 1991-ல் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பொருத்தம் பார்க்கும் முறைகளைப் பற்றிய ஆய்வுகளுக்காக ராத் 2012-ல் நோபல் பரிசு வாங்கியவர். வரிசைப்படுத்தி எழுதச் சொன்னால், பல மாணவிகள் ஒரே ஒரு சங்கத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள் என்று அவர்கள் கண்டார்கள். கிடைத்தால் அது, இல்லாவிட்டால் ஒன்றும் வேண்டாம்! சில நாள் பழக்கத்தில் அத்தனை உறுதி.

ஆக, பொருத்தம் பார்ப்பது ஒழுங்காகிவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலுக்குள் போகும் விருப்பு வெறுப்பு எங்கிருந்து வருகிறது? அதை எந்த விதியும் தொடவில்லை.

சின்னக் காரணத்துக்குள் ஒளிந்திருந்த பெரிய காரணம்

பல சங்கங்களில் ரகசிய வாக்கெடுப்பு இருந்தது. ஒருவர் வேண்டாம் என்றாலும் போச்சு, அந்தப் பெண்ணுக்கு இடமில்லை. ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. "என்னவோ, நம்மோடு ஒட்டமாட்டாள் போலிருக்கிறது" என்றால் போதும். அந்த 'என்னவோ'வுக்குள்தான் எல்லாமே இருந்தது. அவள் யூதப் பெண்ணாக இருக்கலாம். கறுப்பினப் பெண்ணாக இருக்கலாம். அப்பாவிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அசிங்கம். உடை சரியில்லை, பேச்சு சரியில்லை என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

ஒதுக்கப்பட்டவர்கள் பெட்டி லாக் செய்ததையே செய்தார்கள். வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவிகள் 1908-ல் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவையும், 1913-ல் டெல்டா சிக்மா தீட்டாவையும் தொடங்கினார்கள். இரண்டாவது சங்கத்தின் பெண்கள், தொடங்கிய சில வாரங்களிலேயே, அதாவது 1913 மார்ச் 3 அன்று, வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்தார்கள். நியூயார்க்கில் பர்னார்ட் கல்லூரியில் யூத மாணவிகள் 1909-ல் ஆல்ஃபா எப்ஸிலான் ஃபை தொடங்கினார்கள்.

உள்ளே இருந்துகொண்டே எதிர்த்தவர்களும் உண்டு. ஸ்வார்த்மோர் கல்லூரியில் ஒரு யூத மாணவிக்குச் சங்கத்தில் இடம் மறுக்கப்பட்டதும், மோலி யார்ட் என்ற மாணவி சொராரிட்டிகளே வேண்டாம் என்று இயக்கம் நடத்தினார். 1933-ல் அங்கே அவை மூடப்பட்டன. இதே மோலி யார்ட் பிறகு அமெரிக்காவின் பெரிய பெண்கள் அமைப்பான தேசியப் பெண்கள் அமைப்பின் தலைவராக (1987-1991) இருந்தார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் 1944-ல் சொராரிட்டிகளை மூடியது. இடம் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் என்று மாணவிகள் இரண்டாகப் பிரிந்து கிடந்ததுதான் பிரச்சினை.

1956-ல் நடந்தது இன்னும் மோசம். கார்னெல், டஃப்ட்ஸ் ஆகிய இரண்டு பல்கலைக்கழகங்களில் இருந்த சிக்மா கப்பா கிளைகள் கறுப்பின மாணவிகளைச் சேர்த்துக்கொண்டன. உடனே தலைமை அந்த இரண்டு கிளைகளையும் இடைநீக்கம் செய்தது. பழகிப் பார்த்த பெண்கள் சரி என்றார்கள். பழகியே பார்க்காதவர்கள் வேண்டாம் என்றார்கள்.

மறுபடியும் கிரீன்காசில்

வரலாற்றுக்குச் சில சமயம் நக்கல் ஜாஸ்தி. பெட்டி லாக் படித்த அதே ஊர், அதே கல்லூரி. 2006-ல் டிபா பல்கலைக்கழகத்தில், சொராரிட்டிகளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று ஒரு உளவியல் பேராசிரியர் மாணவர்களிடம் கேட்டார். ஒரு சங்கத்துப் பெண்கள் அப்பாவின் செல்ல இளவரசிகள், இன்னொன்று ஹிப்பி கூட்டம் என்று பட்டப்பெயர்கள் வந்து விழுந்தன. டெல்டா ஸீட்டா சங்கத்துக்குக் கிடைத்த பட்டம், கலகலப்பாகப் பழகத் தெரியாதவர்கள் என்பது. அங்கே புதுப் பெண்கள் சேருவது குறைந்துகொண்டே வந்தது.

தேசியத் தலைமை என்ன செய்தது தெரியுமா? உறுப்பினர்களை வரவழைத்துப் பேசிவிட்டு, மொத்தம் 35 பேரில் 23 பேரை 2006 டிசம்பரில் வெளியேறச் சொன்னது. புதியவர்களைச் சேர்ப்பதில் இவர்களுக்கு ஈடுபாடு போதவில்லை என்பது அது சொன்ன காரணம். ஆனால் உடல் பருமனாக இருந்த எல்லாப் பெண்களும் அந்த 23 பேரில் இருந்தார்கள். அந்தக் கிளையின் கறுப்பின, கொரிய, வியட்நாமிய உறுப்பினர்களும் இருந்தார்கள். தங்கச் சொன்னவர்களிலும் 6 பேர் கோபப்பட்டு வெளியேறினார்கள். 2007 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதை வெளியிட்டதும் நாடே பேசியது. அடுத்த மாதமே டிபா பல்கலைக்கழகம் டெல்டா ஸீட்டாவோடு உறவை முறித்துக்கொண்டது.

பையன்களின் சட்டைக்கு அலங்காரமாக இருக்க மாட்டேன் என்று ஒரு பெண் சொன்ன இடத்தில், 137 வருடம் கழித்து, அலங்காரத்துக்கு லாயக்கில்லை என்று பெண்களையே பெண்கள் வெளியேற்றியிருக்கிறார்கள்.

2013 செப்டம்பரில் அலபாமா பல்கலைக்கழகத்தின் மாணவர் செய்தித்தாளான கிரிம்ஸன் ஒயிட் இன்னொரு உண்மையை உடைத்தது. நல்ல மதிப்பெண் வாங்கிய ஒரு கறுப்பின மாணவியைச் சேர்க்க உறுப்பினர்களுக்கு விருப்பம் இருந்தும், பழைய மாணவிகள் தடுத்துவிட்டார்கள் என்று உள்ளே இருந்தவர்களே பெயர் சொல்லிப் பேசினார்கள். பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் உடனே தலையிட்டு, ஆள் சேர்ப்பை வருடம் முழுக்கத் திறந்து வைக்க உத்தரவிட்டார். கவனியுங்கள், அவர் கையில் எடுத்த மருந்து நேரம்தான். ஒரு வார அவசரம் இல்லையென்றால் மறைந்துகொள்ள இடமும் குறைகிறது.

2021 ஆகஸ்டில் அதே அலபாமாவின் ரஷ், டிக்டாக்கில் உலகம் முழுக்கப் பரவியது. "இன்று என் உடை இது, நகை இது, செருப்பு இது" என்று பெண்கள் ஒவ்வொரு நாளும் கேமரா முன் சொன்னார்கள். பலர் கேலி செய்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் முட்டாள்கள் இல்லை. எதைப் பார்த்து எடைபோடுவார்கள் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

நொடிக்குள் தீர்ப்பு

ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டொடோரோவ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத ஒரு முகத்தை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினாலே, இவர் நம்பத் தகுந்தவரா, பழக இனியவரா என்று மனிதர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கவிட்டால் முடிவு பெரிதாக மாறுவதில்லை. முடிவின் மேல் உள்ள நம்பிக்கைதான் கூடுகிறது.

ரஷ் வாரத்தில் நடப்பதும் இதுதான். ஒரு வீட்டு வரவேற்பறையில் சில நிமிடப் பேச்சு, பிறகு வேறு ஒருவரோடு சில நிமிடம், பிறகு அடுத்த வீடு. பெண் பார்க்கும் படலத்தை ஒரே நாளில் பத்து வீட்டில் நடத்தியது போல. அங்கே பேசுவது ஊர், பாடப்பிரிவு, விடுமுறை. எல்லோரும் ஒன்றையே பேசினால் மிஞ்சுவது செருப்பும் சிரிப்பும் தோல் நிறமும்தானே?

முதல் பார்வையில் வரும் விருப்பு வெறுப்பு எல்லோருக்கும் உண்டு, அதைத் தடுக்க முடியாது. ஆனால் அது தானாக மாறுவதற்கு நாளும் பழக்கமும் வேண்டும். அந்த நாளைக் கொடுக்காமல் ஒரு வாரத்தில் கதவை மூடிவிடும் ஏற்பாடு, மனிதர்கள் செய்த ஏற்பாடு. அதைத்தான் கேள்வி கேட்க வேண்டும். பெட்டி லாக்கைப் பையன்கள் பார்த்த பார்வை நல்ல பார்வை இல்லை. ஆனால் அவருக்கு ஒரு வசதி இருந்தது. அவர் அந்தக் கல்லூரியிலேயே இருந்தார், படித்தார், யாரென்று காட்ட அவருக்கு வருடங்கள் இருந்தன. ரயிலடியில் இறங்கிய பெண்ணுக்கும், வரவேற்பறையில் ஜூஸ் டம்ளரோடு நிற்கும் பெண்ணுக்கும் கிடைப்பது சில நிமிடம்தான்.

அடுத்த கட்டுரையில் வேறு ஒரு விஷயத்தோடு சந்திப்போம். வரட்டுமா?