டீசல் எவ்வளவு இருக்கிறது?

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு இவர் ஏன் படகு டேங்கைப் பற்றி எழுதுகிறார் என்று நண்பர்கள் கேட்கலாம். இது என் மனைவியின் ஊர். நான் கடற்கரைக்காரன், புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து அரசு எழுத்தர் வேலைக்குப் போனவன். சில வருடங்கள் என் மேசைக்கு வந்த கணக்குகளில் ஒன்று, ஒரு அலுவலக லாஞ்சின் டீசல் பதிவேடு. எரிபொருள் அளவு காட்டும் கருவியின் சரித்திரத்தில் எனக்கு ஆசை வந்தது அந்தப் பதிவேட்டால்தான்.

பிரெஞ்சில் இந்தக் கருவிக்கு 'ழோழ்' என்று பெயர். ஆங்கிலத்தின் 'கேஜ்' பழைய பிரெஞ்சிலிருந்து போன சொல். முற்காலத்தில் மதுப் பீப்பாயின் வாய்க்குள் ஒரு கோலை விட்டு, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வேலைக்கு உரிய சொல் இது. கப்பலின் கொள்ளளவுக்கும் பிரெஞ்சில் இதே சொல்தான். கப்பலுக்குச் சொல்கிற 'டன்' என்பதே பெரிய பீப்பாயின் பெயரிலிருந்து வந்தது. கோல், பீப்பாய், கப்பல் மூன்றும் ஒரே குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் இந்தக் கேள்விக்கே வெகுகாலம் இடமில்லை. கட்டுமரத்துக்கு ஏது டேங்க்? 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மறு வருடம் கொல்லத்துக்கு அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் மீன்பிடித் திட்டத்தைத் தொடங்கின. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்நாட்டுக் கரையிலும் விசைப்படகுகள் பெருகின. அந்த மாற்றத்தை எழுதுகிறவர்கள் இழுவலை, இறால், ஏற்றுமதி என்றுதான் எழுதுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பாய் கட்டிப் போனவனுக்குக் காற்று நின்றால் துடுப்பு இருந்தது. விசைப்படகில் டீசல் தீர்ந்தால் அவ்வளவு பெரிய மரத்தைத் துடுப்புப் போட்டுக் கரை சேர்க்க முடியாது. நீரோட்டம் இழுத்த பக்கம்தான் போகும். டேங்குக்குள் எவ்வளவு இருக்கிறது என்பது உயிர்க் கேள்வி ஆகிவிட்டது.

முதல் பதில் குச்சிதான். மோட்டார் காருக்கும் அப்படியே. 1908-இல் வந்த ஃபோர்டு 'மாடல் டி' வண்டியில் அளவு காட்டும் மீட்டரே கிடையாது. சீட்டைத் தூக்கி, அடியில் உள்ள டேங்கில் குச்சி விட்டுப் பார்ப்பார்கள். பிறகு மிதவை வந்தது. டேங்க் ஓரிடத்தில், ஓட்டுகிறவர் வேறிடத்தில் என்பதால் மிதவை சொல்வதைக் கம்பி வழியாக அனுப்பும் ஏற்பாடு வந்தது. மெக்கானிக்குகள் இதை 'டேங்க் யூனிட்' என்பார்கள். மிதவை ஏறி இறங்க, அதன் கை ஒரு மின்தடைச் சுருளின் மேல் நகரும். தடை மாறும்போது மீட்டரில் முள் நகரும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆனால் படகில் இதற்கு எதிரிகள் அதிகம். உப்புக்காற்று இணைப்புகளை அரித்துவிடும். அலையில் டீசல் தளும்பி மிதவை ஓயாமல் ஆடுவதால் சுருள் தேயும். அடி குறுகி மேலே அகன்ற டேங்கில் முள் பாதியில் நின்றால் டீசல் பாதி இருக்காது, அதற்கும் குறைவாகவே இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் லாஞ்சின் முள் பாதியிலேயே நின்றுவிட்டது. டேங்கை நிரப்பினாலும் பாதி, ஓடித் திரும்பினாலும் பாதி. வந்த மெக்கானிக் விவரமானவர். டேங்க் யூனிட்டின் கம்பியைக் கழற்றினார். முள் காலிக்கு விழுந்தது. கம்பியை உடல் இரும்பில் தொட்டார். முள் நிறைவுக்கு ஏறியது. "மீட்டரும் கம்பியும் சரி, யூனிட்தான் போச்சு" என்றார். இந்தச் சோதனையை டீசல் என்பதால் துணிந்து செய்தார். பெட்ரோல் டேங்க் என்றால் ஒரு பொறி போதும். மேல்மூடியில் ஐந்து திருகு. துளைகள் சம இடைவெளியில் இல்லாததால் ஒரே ஒரு நிலையில்தான் பொருந்தும், திருப்பி மாட்ட முடியாது. இதை யோசித்தவனை நான் மெச்சுகிறேன்.

மெக்கானிக் வேறு வேலைக்குப் போய்விட, புது யூனிட்டை வாங்கி மாட்டியது ஒரு பட்டறை. ரசீது என் மேசைக்கு வந்தது. டேங்கில் கால் பங்குதான் இருக்கவேண்டும் என்று என் பதிவேடு சொல்கிறது. முள்ளோ ஏறக்குறைய நிறைவைக் காட்டுகிறது! மேலே இருந்தவர்களுக்குப் பரம திருப்தி. கணக்கில்தான் பிழை இருக்கும் என்று ஒருவர் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். மார்கழிக் கடல், மறுநாள் விடியற்காலை லாஞ்சு கிளம்பவேண்டும். சிராங்கு வயதானவர், பேச்சு குறைவு. பித்தளைக் குறி பதித்த தேக்குக் கோலை டேங்கில் இறக்கி எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இந்த முள்ளை நம்பி நான் கயிறு அவிழ்க்கமாட்டேன். யாரைக் கேட்டாலும் இதையே சொல்லு."

"சரிங்க அண்ணே, அப்படியே எழுதிடறேன்" என்றேன்.

பழைய மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். யூனிட்டை வெளியே எடுத்து, கம்பியை மாட்டி, மிதவையைக் கையால் மேலே தூக்கினார். முள் கீழே இறங்கியது. கீழே விட்டார், முள் மேலே ஏறியது! விஷயம் இதுதான். அமெரிக்க முறை யூனிட் காலியில் 240 ஓம், நிறைவில் 33 ஓம் காட்டும். ஐரோப்பிய முறையில் காலிக்கு 10, நிறைவுக்கு 180. (கோயில் ஊரில் ஓம் என்றதும் மந்திரம் என்று எண்ணவேண்டாம், மின்தடையின் அளவு.) அமெரிக்க மீட்டருக்கு ஐரோப்பிய யூனிட்டை மாட்டிவிட்டார்கள். டீசல் குறையக் குறைய முள் நிறைவை நோக்கி ஏறும். வேலையே செய்யாத மீட்டரை யாரும் நம்பமாட்டார்கள். இது நல்லபடி வேலை செய்துகொண்டே தலைகீழாகச் சொன்னது.

அந்தக் கோலைப் பற்றி ஒரு வார்த்தை. குறிகள் கேலனில், பதிவேடு லிட்டரில். 1956-இல் மெட்ரிக் சட்டம் வந்து எத்தனையோ வருடம் ஆகியும் கோலை யாரும் மாற்றவில்லை. நான் தினமும் 4.546-ஆல் பெருக்குவேன். பிள்ளையார்பாளையத்தார் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள். இங்கே ஜரிகையை இன்றும் மார்க் கணக்கில்தான் வாங்குகிறார்கள். ஒரு மார்க் 242 கிராம். மெட்ரிக் வருமுன் பிரான்சிலும் மார்க் என்றொரு எடை இருந்தது, சுமார் 245 கிராம்.

அந்தப் பெருக்கல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கனடா காட்டியது. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்றில் எரிபொருள் மீட்டர் வேலை செய்யவில்லை. நம் சிராங்கு போலவே டேங்கில் கோல் முறையில் அளந்தார்கள்: 7,682 லிட்டர். அதுவரை சரி. தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்கியிருக்கவேண்டும், பவுண்டுக்கு உரிய 1.77-ஆல் பெருக்கிவிட்டார்கள். 20,000 லிட்டருக்கு மேல் ஊற்றவேண்டிய இடத்தில் 5,000 லிட்டர்கூட ஊற்றவில்லை. நடுவானில் இரண்டு இஞ்சினும் நின்றன. விமானி சறுக்கியே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். கோல் பொய் சொல்லவில்லை, கணக்குதான் சொன்னது. எழுத்தர் வேலை பார்த்தவனுக்கு இது உறைக்கும்.

இப்போது மீனவர்களின் விசைப்படகு ஒன்றுக்கு வருடத்துக்கு 19,000 லிட்டர் வரை வரிவிலக்கு டீசல் தருகிறது தமிழ்நாடு அரசு. தூத்தூர்ப் படகுகள் ஆயிரக்கணக்கான லிட்டர் ஏற்றிக்கொண்டு ஒரு மாதத்துக்கும் மேல் ஆழ்கடலில் இருக்கின்றன. டேங்க் யூனிட்டிலும், குழாய்க்குள் காந்த மிதவை ஏறி இறங்கும் வகை வந்திருக்கிறது. தேயும் சுருள் அதில் இல்லை. இருந்தும் டேங்கின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தால், அதையும் சேர்த்தே மிதவை டீசல் என்று சொல்லும். அதைக் கண்டுபிடிக்க ஒரு பசை இருக்கிறது. அதைக் குச்சியின் நுனியில் தடவி டேங்கின் அடிவரை இறக்கி எடுத்தால், தண்ணீர் பட்ட உயரம்வரை நிறம் மாறியிருக்கும்.