கடலுக்குக் கிட்டப் போகாதே

போன வருடம் எங்கள் பட்ச் பாசிக்குடாவுக்குப் போனது. அங்கே கடலுக்குள் கனதூரம் நடந்தே போகலாம், அவ்வளவுக்கு ஆழமில்லை. அப்படியிருந்தும் பெண்பிள்ளைகள் நாங்கள் முழங்கால் தண்ணியில் ஆளையாள் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களில் பாதிப்பேர் கடற்கரை ஊர்க்காரர். நீந்தத் தெரிந்தவள் ஒருத்திகூட இல்லை. "கடலுக்குக் கிட்டப் போகாதே" எண்டுதானே எங்களை வளர்த்தவை.

பிள்ளைகளைக் கடலிலிருந்து மறிக்காமல், கடலையே படிப்பிக்கிற ஊர்களும் இருக்கின்றன. அவுஸ்திரேலியாவில் அதற்குப் பெயர் 'நிப்பர்ஸ்'. அந்த நாடு அதற்கு வந்து சேர்ந்த கதை சுவாரசியமானது.

சிட்னியில் ஒரு காலம் பகலில் கடலில் குளிக்கவே தடை. காரணம் பயமில்லை, மானம்! 1902இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிட்டு மான்லி கடற்கரையில் பட்டப்பகலில் இறங்கினார். பிறகு தடை தளர்ந்தது. சனம் நீந்தத் தெரியாமலே கடலில் இறங்கியது, ஆட்கள் மூழ்கினார்கள். அந்தத் தேவையில்தான் 1907இல் பொண்டாய் கடற்கரையில் தொண்டர்களின் உயிர்காப்புக் கழகம் உருவானது. 1938 பெப்ரவரி 6, ஒரு ஞாயிறு. அதே பொண்டாயில் அடுத்தடுத்து வந்த பேரலைகள் நூற்றுக்கணக்கானோரை ஆழத்துக்கு இழுத்துப்போயின. கரையில் நின்ற உயிர்காப்பாளர்கள் பாய்ந்தார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் இல்லாவிட்டால் எத்தனை பேரோ.

1960களில் இந்தக் கழகங்கள் சிறுவர்களையும் சேர்க்கத் தொடங்கின. இப்போது 5 வயதிலிருந்து 13 வயது வரையான பிள்ளைகள் வார இறுதிக் காலைகளில் கரையில் கூடுகிறார்கள். சின்னதுகளுக்கு மணலில் ஓட்டமும் விளையாட்டும்தான். வளர வளர அலைக்குக் கீழே மூழ்கி வெளிவருவது, பலகையில் படுத்துக் கையால் துழாவுவது. எங்களுக்குப் பிடித்தது, தண்ணியை 'வாசிக்க'ப் பழக்குவது. இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு துண்டுக் கடல் அமைதியாக, கொஞ்சம் கறுப்பாகத் தெரியும். குளிக்க நல்ல இடம்போல இருக்கும். பல நேரம் ஆளை வெளியே இழுக்கிற நீரோட்டம் அதுதான். மாட்டினால் எதிர்த்து நீந்திக் களைக்கக்கூடாது. மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும், முடிந்தால் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி விலக வேண்டும்.

ஆனால் அங்கேயும் பெண்களுக்குக் கதவு லேசில் திறக்கவில்லை. 1980இல்தான் பெண்கள் முழு உயிர்காப்பாளர்களாகக் கடமைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். அதுவரை 'பாரம் தாங்கமாட்டார்கள்' என்ற அதே பழைய கதை.

இந்த இடத்தில் எங்கள் கரை ஞாபகம் வருகிறது. 2004 சுனாமிக்கு அடுத்த மார்ச்சில் ஒக்ஸ்பாம் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆய்வுசெய்த பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் இறந்திருந்தார்கள். அது சொன்ன காரணங்களில் ஒன்று, இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே பழகுகிறார்கள் என்பது. நீச்சல் தெரிந்திருந்தால் எல்லாரும் தப்பியிருப்பார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை, அந்த அலை அப்படிப்பட்டது. ஆனால் மரமேறக்கூட விடாமல் வளர்த்ததற்கு அலையையா குறை சொல்வது?

2018இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஒரு அலைச்சறுக்குக் கழகம் தொடங்கியது. அதில் தாய்மாரும் இருக்கிறார்கள். அண்ணன் தம்பிமார் வருடக்கணக்காகச் சறுக்கிய அதே அலையில்தான் அவர்களும் இறங்கினார்கள். பாசிக்குடாவிலிருந்து அறுகம்பைக்கு ஒரே கரையால் பஸ்ஸில் போகலாம். அடுத்த பட்ச் ட்ரிப் அங்கே என்று பேசியிருக்கிறோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.