இயன்ற அளவு: திதாக்கே 12ஆம் அதிகாரமும் இறையாட்சியின் அன்றாட ஒழுக்கமும்

தொடக்ககாலக் கிறிஸ்தவச் சபை விதிநூலான திதாக்கேயை ஒரு சரிவின் ஆவணமாகப் படிக்கும் ஆய்வு மரபு நெடுநாளாக உண்டு. வீட்டையும் உடைமையையும் துறந்து ஊர் ஊராகச் சென்ற சீடர்களே இறையாட்சியை முழுமையாக வாழ்ந்தனர் என்றும், நிலைத்துக் குடியிருந்த இல்லறத்தார் பின்னர் அந்தக் கடுமையைத் தம் வசதிக்கேற்பத் தளர்த்திக்கொண்டனர் என்றும் அம்மரபு கருதுகிறது. அது முதலில் காட்டும் சான்று 6:2. ஆண்டவரின் நுகம் முழுவதையும் சுமக்க வல்லவர் நிறைவடைவார், இயலாதவர் இயன்றதைச் செய்யட்டும் என்பது அப்பகுதியின் கருத்து. அடுத்த சான்று, வழிப்போக்கரை வரவேற்பது பற்றிய 12ஆம் அதிகாரம். சபையின் நல்லெண்ணத்தைச் சுரண்டுவோரைத் தடுக்கும் காவல் விதி என்ற அளவிலேயே அதைப் பெரும்பாலும் படித்திருக்கிறார்கள். இவ்விரு பகுதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அந்தச் சரிவுக் கதை நிற்காது என்பது என் வாதம்.

12ஆம் அதிகாரத்தில் முதலில் கவனிக்க வேண்டியது வரிசைமுறை. ஆண்டவரின் பெயரால் வருகிற எவரையும் ஏற்றுக்கொள்ளச் சொல்கிறது நூல். சோதித்து அறிவது அதற்குப் பிறகுதான். காவல் விதி என்றால் சோதனையை வாசலிலேயே வைத்திருக்கும். வந்தவர் வழிப்போக்கர் என்றால் அவருக்கு இயன்ற அளவு உதவ வேண்டும். தேவைப்பட்டால் அவர் இரண்டு மூன்று நாள் தங்கலாம். முந்தைய அதிகாரத்தில் மூன்று நாள் தங்கும் திருத்தூதர் போலி இறைவாக்கினராகக் கருதப்படுகிறார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். பெயரும் பொறுப்பும் இல்லாத சாதாரணப் பயணிக்குத் திருத்தூதரைவிட அதிக இடம் தரப்படுகிறது! ஐயமே இவ்விதிகளை இயக்கியது என்போர் இதை விளக்கியதாகத் தெரியவில்லை. அந்தப் பயணி அங்கேயே குடியேற விரும்பினால், கைத்தொழில் தெரிந்தவர் உழைத்து உண்ணட்டும் என்கிறது நூல். தொழில் தெரியாதவர் என்றால்? இதுதான் அதிகாரத்தின் மையம். அப்போது கட்டளை வந்தவரை விட்டு ஊராரிடம் திரும்புகிறது. கிறிஸ்தவர் ஒருவர் தம்மிடையே வேலையின்றி வாழாதபடி வழி தேடும் பொறுப்பை அவர்களின் அறிவுக்கே அது விடுகிறது. உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்னும் 2 தெசலோனிக்கர் 3:10உடன் இதை ஒன்றாகக் கட்டிவிடுவது வழக்கம். அங்கே கேள்வி உழைக்காதவரை நோக்கியது. இங்கே வேலை தேடித் தரவேண்டியவர்களையும் நோக்கியது. கிறிஸ்துவை வைத்துப் பிழைப்பவர் என்னும் கண்டனம், அந்த ஏற்பாட்டையும் ஒருவர் மறுத்த பின்னரே வருகிறது.

பயணிக்கு இயன்ற அளவு உதவுங்கள் என்று 12:2 கூறும் அளவுகோல், 6:2 புதுச் சீடருக்குத் தந்த அதே அளவுகோல். உணவு பற்றிய 6:3இலும் அதுவே வருகிறது. 7ஆம் அதிகாரத்தின் திருமுழுக்கு விதியும் இப்படித்தான் நகர்கிறது: ஓடும் நீர் கிடைக்காவிட்டால் வேறு நீர், குளிர்ந்த நீர் இயலாவிட்டால் வெந்நீர், இரண்டும் இல்லையென்றால் தலையில் மும்முறை ஊற்றுதல். தலையில் ஊற்றிப் பெற்ற திருமுழுக்கைக் குறைந்த திருமுழுக்கு என்று இந்நூல் எங்கும் சொல்லவில்லை. அப்படியிருக்க, இதே அமைப்பு சீடரின் அன்றாட ஒழுக்கத்தில் வரும்போது மட்டும் அதை வீழ்ச்சி என்று படிப்பதற்கு நூலுக்குள் ஆதாரம் இல்லை. கேட்பவர் எவருக்கும் கொடு என்னும் 1:5உம், யாருக்குக் கொடுக்கிறாய் என்று அறியும்வரை காணிக்கை உன் கையில் வியர்க்கட்டும் என்னும் 1:6உம் அருகருகே நிற்பதை முரண்பாடு என்பர். 12ஆம் அதிகாரத்திலோ அவ்விரண்டும் ஒரே வீட்டின் நடைமுறையில் அடுத்தடுத்த படிகளாகின்றன.

இங்கே கவனமாகச் சொல்ல வேண்டியவை உண்டு. கோப்டிக் துண்டுப் பிரதி 12:2இன் இடையிலேயே நின்றுவிடுகிறது. என் வாதம் சார்ந்திருக்கும் அடுத்த வரிகளின் கிரேக்க வடிவத்துக்கு, 1056இல் படியெடுக்கப்பட்டு 1883இல் பிரையெனியோஸ் பதிப்பித்த கையெழுத்துப் பிரதியையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. இந்த அதிகாரம் பின்னர் சேர்க்கப்பட்ட அடுக்கு என்பாரும் உளர். இருக்கட்டும், சேர்த்தவரும் 6ஆம் அதிகாரத்தின் அளவுகோலை அறிந்தே சேர்த்திருக்கிறார். வலுவான மறுப்பு வேறு. 9, 10ஆம் அதிகாரங்களின் நற்கருணை மன்றாட்டுகளில் இறையாட்சி என்பது உலகின் எல்லைகளிலிருந்து சபை கூட்டிச் சேர்க்கப்படும் வருங்கால நிகழ்வு. அப்படியானால் அன்றாட இறையாட்சி வாழ்வு என்பது நம் காலத்தின் ஆசையை நூலின்மேல் ஏற்றுவதாகாதா? இறையாட்சி ஏற்கெனவே நிறைவேறிவிட்டது என்று திதாக்கே எங்கும் கூறவில்லை; அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது வரவேண்டும் என்று நாளுக்கு மும்முறை மன்றாடச் சொல்வதும் (8:3) இதே நூல்தான். அந்த மன்றாட்டிலேயே அன்றைய உணவும் கடன் மன்னிப்பும் இறையாட்சியின் வருகையோடு சேர்த்துக் கேட்கப்படுகின்றன. பிணக்குள்ளவர் சமரசம் ஆகும்வரை பலியில் சேரலாகாது என்று 14:2 தடுக்கிறது. சிதறியவர் ஒன்றுசேர்க்கப்பட வேண்டும் என்று மன்றாடுகிற சபையின் வாசலுக்கே, அப்படிச் சிதறியவருள் ஒருவராக, தொழில் தெரியாத அந்நியர் வந்து நிற்கிறார். அவருக்கு வேலை தேடித் தருவதை வெறும் நிர்வாக ஒழுங்கு என்று ஒதுக்கிவிட்டு மன்றாட்டை மட்டும் இறையியல் என்று எடுத்துக்கொள்வது, நூல் போடாத பிரிவை நாம் போடுவதாகும்.

சரிவுக் கதையின் பார்வையில் 13ஆம் அதிகாரம் ஊழியரைப் பராமரிக்கும் ஏற்பாடு மட்டுமே. ஆனால் அங்கும் அதே அமைப்பு தொடர்கிறது: ஊரில் இறைவாக்கினர் இல்லையென்றால் முதற்கனி ஏழைகளுக்குப் போக வேண்டும் என்கிறது 13:4.